பதில் வரி

தட்டுகளைக் கேட்பது என் வேலையில் ஒரு பகுதி. ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஓர் இசைத்தட்டுத் தொழிற்சாலையில் நிக்கல் குளியல் பகுதி என் பொறுப்பில் இருந்தது. வேதியியல் படித்து, ஆட்களோடு அதிகம் பேச விரும்பாதவளுக்கு அது நல்ல வேலை. பாட்டு வெட்டப்பட்ட அரக்குத் தட்டின்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தால், பள்ளங்களின்மேல் உலோகம் மெல்ல வளரும். அதை உரித்தெடுத்து, அதன்மேல் இன்னொரு முறை வளர்த்தால், ஊசி வைத்துக் கேட்கக்கூடிய உலோகத் தட்டு கிடைக்கும். அச்சுக்குத் தகடு எடுக்கும் முன் அதை ஒரு தடவை முழுதாகக் கேட்க வேண்டும். கரைசலில் இருந்த தூசியோ குமிழியோ எங்காவது ‘டிக்’ என்று விழுகிறதா என்று பார்ப்பதற்காக. நான் பாட்டைக் கேட்பதில்லை. தூசியைத்தான் கேட்பேன்.

2006 மார்ச்சில், தவக்காலம் தொடங்கிய வாரம், அச்சுப் பகுதியிலிருந்து சுகிர்தன் இரண்டு பெட்டிகளைக் கட்டியணைத்தபடி வந்தான். என் வயதுக்காரன். யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வளர்ந்தவன். கறுப்பு ரீசேட்டைத் தவிர வேறு உடுப்பில் அவனை நான் கண்டதில்லை.

“டெல்சி, இண்டைக்கு உமக்கு அடிச்சுது யோகம். சிண்டர் விக்கர்!”

“அது ஆர்?”

“ஆரெண்டோ? அமெரிக்கன் பிளாக் மெட்டல் குழு, சாத்தானைப் பாடுற ராக். முதல் அல்பம் பத்து வருசமா ஒரு கடையிலயும் இல்லை. நான் வைச்சிருக்கிறது கொப்பியின்ர கொப்பி, மழைச் சத்தம் மாதிரித்தான் கேக்கும். இப்ப பழைய நாடாவில இருந்து சுத்தமாத் திருத்தித் திரும்ப விடுகினம். புது அல்பமும் சேர்த்து.”

அவன் நெஞ்சில் ஒரு தலைகீழ்ச் சிலுவை இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டுவிட்டான்.

“கோவிக்காதையும். இது சும்மா. எங்கட அம்மா இதைத் தோய்ச்சுக் காயப்போடேக்க, ‘நாங்கள் சைவக்காரர், வேதக்காரரின்ர உடுப்பை ஏன்ரா போடுறாய்’ எண்டு கேட்டவ.”

எனக்குச் சிரிப்பு வந்தது.

“பழைய தட்டில கடைசிப் பாட்டை வடிவாக் கேளும்,” என்றான். “ஒரு கிழவி பேய்ப் பாஷையில கத்துவாள். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் டக்கெண்டு நிப்பாட்டுவாள். அந்த இடைவெளியில ஒரு மூச்சு கேக்கும். சாத்தான்ர மூச்சு எண்டு சொல்லுறவை. வோர்காஸ், அதுதான் பாடுறவர், மேடையில அந்த இடம் வந்தா கையை விரிச்சுக்கொண்டு சிலை மாதிரி நிப்பாராம்.”

அடுத்தநாள் மத்தியானம், உலோகத் தட்டு வளர்ந்த பிறகு, அதைக் கேட்டேன். கடைசிப் பாட்டில் கிற்றார்கள் ஓய்ந்தன. ஒரு பெண் குரல் தனியாக எழுந்தது.

*முள்ளாலே முடி வைச்ச கை ஆரின் கை*

பிறகு மௌனம். அந்த மௌனத்துக்குள் என் வாய் தானாக அசைந்தது. *மகனே, என் மகனே.*

அது பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரி. சிலுவையடியில் மாதா மகனுக்காக அழுவதாக எங்கள் மன்னார்ப் பக்கத்துப் பெண்கள் பாடுவது. ஒருவர் வரி எடுப்பார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். சிறுவயதிலிருந்தே நான் பதில் சொல்கிறவர்களில் ஒருத்தி. ஒருநாளும் வரி எடுத்ததில்லை. எடுக்கச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும்.

குரல் யாருடையது என்று உடனே தெரிந்தாலும், வேறு யாராவதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது வரி வந்தது.

*கச்சான் காத்தடிச்ச கடலோட போனாயோ*

அந்த வரி ஒப்பாரியில் இல்லை. இயேசு எங்கள் கடலின் கச்சான் காற்றில் போகவில்லை. போனவன் என் அண்ணன் யூட்சன். அம்மாவும் நானும் ஜெர்மனிக்கு வந்தபோது அவன் எங்கள் ஊரான பேசாலையில் மாமாவோடு நின்றான். அடுத்த வருடம் சண்டை மூண்டதும் இராமேஸ்வரத்துக்குப் படகேறினான். படகு போய்ச் சேரவில்லை. உடல் வராததால் செத்தவீடு நடக்கவில்லை. அம்மா அவனுக்கென்று வாய்விட்டு அழுததை நான் கண்டதில்லை. வருடத்தில் ஒரு நாள், மாதாவின் ஒப்பாரிக்குள் இந்த ஒரு வரியைச் சேர்த்துப் பாடுவார். அவ்வளவுதான் அண்ணனுக்குக் கிடைத்த அழுகை.

சாத்தானின் மூச்சு என்றது, எங்கள் பதிலை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சிய எதிரொலி. எந்தக் கோவிலின் எதிரொலி என்பதும் எனக்குத் தெரியும். ஹைம் என்கிற அகதி விடுதியில் இருந்த காலத்தில் நாங்கள் கூடிய, ஸ்டுட்கார்ட்டின் கன்ஸ்டாட் பகுதியில் உள்ள கத்தோலிக்கக் கோவில்.

புதுத் தட்டையும் போட்டேன். அதிலும் அம்மா இருந்தார். குரலை மெதுவாக்கி, ஆண் குரல்போல் தடிப்பாக்கி, ட்ரம்ஸ் அடிக்குக் கீழே போட்டிருந்தார்கள்.

சுகிர்தனிடம் போய் உறைக்குள் வைக்கும் தாளைக் கேட்டேன். அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. வோர்காஸ் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். அந்தக் குரல் ஸ்டுட்கார்ட் அகதி விடுதியொன்றில் 1993இல் அவன் கண்ட ஒரு குடிகாரச் சூனியக்காரியுடையதாம். ஒரு போத்தல் சாராயத்துக்காக அவள் தன் கடவுளை, பெயர் தெரியாத ஒரு மொழியில் சபித்தாளாம்.

குளியல் பகுதிக்குத் திரும்பினேன். இரண்டு அல்பங்களுக்கும் மாதிரி அச்சுக்கான தகடுகளைத் தொட்டிகளில் வளர விட்டிருந்தேன். சூட்டைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். உலோகம் வளைந்துவிடும். யாரும் என்னைச் சந்தேகிக்கமாட்டார்கள். கை திருகியின்மேல் இருந்தது. பிறகு எடுத்துவிட்டேன். தகட்டைக் கெடுத்தால் இன்னொன்று வளர்ப்பார்கள். எனக்குத் தகடு வேண்டாம். அவன் வேண்டும்.

*

அம்மாவின் பெயர் பிளோறன்ஸ். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. வீட்டுக்கு வந்தபோது மேசையில் அடுத்தநாளுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து பதிந்து கொண்டுவந்த சீடியைப் போட்டேன்.

கத்தி நின்றது. முழுவதையும் கேட்டார்.

“குரல் அப்ப நல்லாத்தான் இருந்திருக்கு,” என்றார். பிறகு, “மற்றாக்கள் எங்க?”

“வெட்டிப்போட்டான்.”

“ஆரு?”

சொன்னேன். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தார்.

“பதில் சொல்லுறாக்களை வெட்டினா அது ஒப்பாரியே? விசரி தனிய நிண்டு புலம்புற மாதிரியெல்லோ இருக்கு.” பிறகு நினைவு வந்தது. “இங்கத்தை அமெரிக்கன் காம்பில இருந்து ஒரு ஆமிப் பெடியன் வந்தவன். மொட்டை. கையில சின்னப் பெட்டி ஒண்டு. செபம் பதியிறான் எண்டு நாங்களும் பேசாமல் விட்டிட்டம். கடைசி வாங்கில இருந்து தேம்பித் தேம்பி அழுதவன் பிள்ளை. சிலுவை முத்தி செய்யேக்க எனக்குப் பின்னால வரிசையில நிண்டு முழங்கால்ல போய் முத்தம் குடுத்தவன்.”

“வடிவா ஞாபகம் இருக்கோ?”

“ஏன் இல்லை? பிறகு கஞ்சி குடுத்தம். ஒரு கோப்பை குடிச்சிட்டு ஓரமா நிண்டான். பாவம், கேக்க வெக்கம்போல எண்டு நான்தான் இன்னொண்டு வார்த்துக் குடுத்தனான். கழுத்தில ஒரு பக்கம் முழுக்கச் சிவந்த மறு அவனுக்கு. இந்தப் பக்கம்.” தன் இடது கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

தாளில் எழுதியிருந்ததைச் சொல்லாமல் விடலாம் என்று நினைத்தேன். சொன்னேன்.

“குடிகாரியோ?”

“ஓம்.”

“நான் பூசை வைனே வாயில வைக்கிறேல்லை.”

“தெரியும் அம்மா.”

“சாராயத்துக்கு... யூட்சன்ர வரியையோ?”

அம்மா எழுந்து மீனிடம் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு, “விடு பிள்ளை. கடவுள் பாத்துக்கொள்ளுவார்,” என்றார்.

“அவர் இவ்வளவு காலமும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்,” என்றேன். அப்படி ஒரு சொல்லை நான் அம்மாவிடம் முன்பு சொன்னதில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“அவன் இஞ்ச ஒரு தட்டுக் கடைக்கு வரப்போறானாம். நீங்கள் ஒருக்கா வந்து அவங்களுக்கு முன்னால பாடுவீங்களோ?”

“உனக்கென்ன விசரே? அது கோவிலுக்குள்ள, பெரிய வெள்ளிக்கு, சிலுவையைப் பாத்துப் பாடுறது. கடை வழிய பாட அதென்ன சினிமாப் பாட்டே?”

அது சரி. அப்படியென்றால் நான் மட்டும்தான்.

*

வோர்காஸ் ஜெர்மனிக்கு வந்தான். அந்த அல்பங்களை வெளியிடும் நிறுவனத்தை நடத்திய யென்ஸ், நகர மத்தியில் ஒரு இசைத்தட்டுக் கடையின் நிலவறையில் சனிக்கிழமை பின்னேரம் ஒரு கேட்கும் கூட்டம் வைத்தார். பழைய அல்பத்தின் கடைசிப் பாட்டைப் பெரிய ஒலிபெருக்கிகளில் போடுவது, வோர்காஸ் அதன் கதையைச் சொல்வது, கையெழுத்து வைப்பது. சுகிர்தனுக்கு அழைப்பு இருந்தது. என்னையும் கூட்டிப்போகச் சொன்னேன்.

“நீர் என்னத்துக்கு?” என்றான். ட்ராமில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“தமிழோ?” என்றான். “பத்து வருசமா நான் கேட்டது தமிழோ?”

“கொப்பியின்ர கொப்பி தானே.”

“பகிடி விடாதையும். என்ன செய்யப் போறீர்?”

“பதில் சொல்லப் போறன்.”

நிலவறை நிறைய ஆட்கள். நீளமுடி, தோல் அங்கி, பியர். என்னைத் தவிர இரண்டு பெண்கள். எனக்கு முன்னால் நரைத்த தாடியோடு ஒரு பெரிய மனிதர் நின்றார். அவருடைய முதுகுக்குப் பின்னால் என்னை மறைத்துக்கொண்டேன். வோர்காஸ் ஓர் உயர்ந்த கதிரையில் இருந்தான். முகத்துக்கு வெள்ளை பூசி, கண்ணைச் சுற்றிக் கறுப்புத் தீட்டியிருந்தான். முடி தோள்வரை வளர்ந்திருந்தது. கழுத்து தெரியவில்லை.

அவன் கதையைச் சொன்னான். தாளில் இருந்ததைவிட நீளமாகச் சொன்னான். சூனியக்காரிக்குப் பல் இல்லை என்றான். அவள் மேல் மூத்திர நாற்றம் அடித்தது என்றான். பாடி முடித்ததும் சிலுவையில் காறித் துப்பினாள் என்றான். ஆட்கள் தலையாட்டினார்கள்.

“அந்த மௌனத்தைக் கேளுங்கள்,” என்றான். “அங்கே இருப்பவன் நான் அல்ல.”

யென்ஸ் மாதிரித் தட்டில் ஊசியை வைத்தார்.

அம்மாவின் குரல் நிலவறை முழுவதும் நிறைந்தது. முதல் வரி முடிந்தது. மௌனம். வோர்காஸ் கைகளை விரித்தான். என் வாய் திறக்கவில்லை. இரண்டாவது வரி. மௌனம். சுகிர்தன் என்னைப் பார்த்தான். வெளியே போய்விடலாம் என்று நினைத்தேன். மூன்றாவது மௌனமும் அப்படியே போனது.

*கச்சான் காத்தடிச்ச கடலோட போனாயோ*

“மகனே,” என்றேன். “என் மகனே.”

மெல்லிய குரல்தான். ஆனால் அது சரியான இடத்தில் விழுந்தது. ஒப்பாரியில் அது எங்கே விழவேண்டுமோ அங்கே. நரைத்தாடி மனிதர் திரும்பி, விலகி நின்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா அடுத்த வரியை எடுத்தார். நான் பதில் சொன்னேன். இந்த முறை சத்தமாக. அடுத்த வரிக்கு எனக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு குரலும் வந்தது. சுகிர்தன். சுருதி துளியும் இல்லை. ஆனாலும் சொன்னான்.

பாட்டு முடியும்வரை சொன்னோம். யென்ஸுக்கு ஊசியை எடுக்கத் தோன்றவில்லை. கேட்டுக்கொண்டிருந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பாட்டில் எது இல்லாமல் இருந்ததோ அது இப்போது இருந்தது. அவ்வளவுதான்.

“யார் நீ?” என்று வோர்காஸ் ஆங்கிலத்தில் கேட்டான்.

வாய்மொழித் தேர்வுக்குப் போல வாக்கியங்களை மனனம் செய்து வைத்திருந்தேன்.

“பாடுகிறவருடைய மகள். அந்த மொழிக்குப் பெயர் உண்டு. தமிழ். நீங்கள் கேட்டது சாபம் அல்ல. இயேசுவைச் சிலுவையில் கண்ட மாதா அழுகிற பாட்டு. கத்தோலிக்கப் பாட்டு. உங்கள் இரண்டு அல்பத்திலும் இருக்கிறது.”

யாரோ “என்ன?” என்றார்கள். நான் அதையே ஜெர்மனில் திரும்பச் சொன்னேன்.

நரைத்தாடி மனிதர் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். “மாதா பாட்டா? இவ்வளவு காலமும் நான் என் காரில் மாதா பாட்டா போட்டுக்கொண்டு திரிந்தேன்?”

“பொய்,” என்றான் வோர்காஸ். “இவளை எனக்குத் தெரியாது.”

“என்னைத் தெரியாது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மாவுக்கு உங்களைத் தெரியும். கன்ஸ்டாட் கோவிலில் கடைசி வாங்கில் இருந்து அழுதீர்கள். வரிசையில் நின்று முழங்காலில் போய்ச் சிலுவையை முத்தமிட்டீர்கள். கழுத்தில் இடது பக்கம் சிவந்த மறு இருக்கிறது.”

அவன் கை முடிக்குள் போய்க் கழுத்தை மூடியது. அவன் அதைச் செய்திருக்க வேண்டாம். செய்த பிறகுதான் அவனுக்கே விளங்கியது.

“பிறகு அரிசிக் கஞ்சி கொடுத்தோம்,” என்றேன். “அம்மா இரண்டாவது கோப்பையும் வார்த்துத் தந்தார். பிடித்திருந்ததா?”

நிலவறை சிரித்தது. அது கெட்ட சிரிப்பு. பியர்ப் போத்தலால் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். யாரோ “அமேன்!” என்று கத்தினார்கள். “பூசை உதவிப் பொடியா, மணி அடி!” என்றார் இன்னொருவர். வெள்ளைப் பூச்சுக்குக் கீழே அவன் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. கண்ணோரக் கறுப்பு மட்டும் நனைந்து கீழே இறங்கியது. வேர்வையாகவும் இருக்கலாம்.

நான் முடியும்வரை பார்த்தேன். ஒரு கணத்தையும் விடவில்லை.

*

யென்ஸ் திங்கட்கிழமை தொழிற்சாலைக்கே வந்தார். பயந்த மனிதராக இல்லை. கணக்குப் பார்க்கிற மனிதராக இருந்தார்.

“வோர்காஸ் குரலை எடுத்துவிடச் சொல்கிறான்,” என்றார். “இரண்டு தட்டிலிருந்தும். உங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கடிதமும் அனுப்புவான். பிரச்சினை முடிந்தது.”

“எடுக்கக்கூடாது,” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை.

“அம்மாவின் அனுமதி இல்லாமல் நீங்கள் ஒன்றையும் விற்க முடியாது. சட்டம் அப்படித்தான். விசாரித்துவிட்டேன். அனுமதி தருவோம். குரல் அப்படியே இருக்க வேண்டும். சூனியக்காரிக் கதை போக வேண்டும். அந்த இடத்தில், பெரிய வெள்ளி ஒப்பாரி, பாடியவர் பேசாலை பிளோறன்ஸ், மகன் யூட்சன் நினைவாக என்று இருக்க வேண்டும். பதில் வரியும் அச்சில் வரவேண்டும், ஜெர்மன்காரர் வாசிக்கக்கூடிய எழுத்தில். எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பதோடு.”

“தலைகீழ்ச் சிலுவை போட்ட உறைக்குள்ளேயா?”

“ஓம்,” என்றேன், தமிழிலேயே.

“இதைவிடச் சாகலாம் என்பான் அவன்.”

“சுற்றுப்பயணத்துக்கு மண்டபங்கள் எடுத்துவிட்டீர்கள்தானே?”

யென்ஸ் குறிப்பேட்டை எடுத்து நான் சொன்னதை எழுதிக்கொண்டார். இணையத்தில் அதற்குள் கதை பரவியிருந்தது. திட்டியும் சிரித்தும் ஆட்கள் முற்பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். அந்தத் தாளுக்கு வோர்காஸை அவர் எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

அம்மா கையெழுத்து வைக்கும் முன் யூட்சனின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

“அவனுக்குத் தாய் இருக்கிறாவோ?” என்றார்.

“ஆருக்கு?”

“அந்த அமெரிக்கனுக்கு. அண்டைக்கு அப்பிடி அழுதவன். தாய் செத்திருந்தாலும் இருக்கும்.”

“எனக்குத் தெரியாது அம்மா.”

“அவனைக் கனக்கக் கஷ்டப்படுத்தாதை.”

நான் பேனையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

விற்பனைக்கான தகடுகளையும் நானே வளர்த்தேன். சூட்டை அரைப் பாகைகூட அசையவிடவில்லை. அதைப்போல் சுத்தமான தட்டு எங்கள் தொழிற்சாலையிலிருந்து அந்த வருடம் வேறு போகவில்லை.

இலையுதிர்காலத்தில் ஒருநாள், சாப்பாட்டு இடைவேளையில், சுகிர்தன் மடிக்கணினியோடு ஓடிவந்தான். லைப்சிக் மண்டபத்தில் யாரோ எடுத்த படம். ஆடிக்கொண்டே இருந்தது. புகை, சிவப்பு வெளிச்சம். கடைசிப் பாட்டு. அம்மாவின் குரல். வரி முடிந்தது. வோர்காஸ் பழக்கத்தில் கைகளைப் பாதி உயர்த்தினான்.

“மகானே,” என்று மண்டபம் முழுவதும் கத்தியது. “என் மகானே!”

அவன் கைகள் கீழே இறங்கின. எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வரி. திரும்பவும் நூற்றுக்கணக்கான ஜெர்மன்காரர்கள், கறுப்பு ரீசேட்டோடு, ஒரே குரலில், அவன் முகத்துக்கு நேரே. கடல் வரிக்கு அவன் முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். முதுகுக்கும் பதில் சொன்னார்கள்.

“எல்லா ஊரிலயும் இதுதானாம்,” என்றான் சுகிர்தன். “அவருக்கு வேற வழியில்லை. பாட்டை விட்டிட்டா காசைத் திருப்பித் தா எண்டு கத்துறாங்களாம். இதுக்கெண்டே வருகினம். இன்னும் பன்ரெண்டு ஊர் கிடக்கு. பாவம் என்ன?”

நான் யோசித்துப் பார்த்தேன். பாவமாக இல்லை.

“சனம் கொஞ்சம் முந்துது,” என்றேன். “ரெண்டாவது மகனேயை இழுக்க வேணும். அடுத்த பதிப்பில அதையும் எழுதச் சொல்லுவம்.”

“நீர் சரியான ஆள் அப்பா. வாயைத் திறக்க மாட்டீர் எண்டெல்லோ நினைச்சனான்.”

சோற்றுப் பெட்டியை மூடினேன். இடைவேளை முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

“திரும்பப் போடும்,” என்றேன்.